அம்மனுக்கு ஒரு கிராஸ்ஓவர்

ஸ்பீக்கருக்கு கிராஸ்ஓவர் தேர்ந்தெடுப்பது என் வேலை. பாக்ஸைத் தூக்குவது, குட்டியானை வண்டியை ஓட்டுவது, கமிட்டிக்காரர்களிடம் பல்லைக் காட்டுவது எல்லாம் என் வீட்டுக்காரர் இனாயத்தின் வேலை. மந்தைவெளியில் எங்கள் சவுண்ட் சர்வீஸை அவர் பெயரில்தான் சொல்வார்கள். போகட்டும், காதில்லாத ஜனங்கள்.

கிராஸ்ஓவர் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. வருகிற சத்தத்தை இரண்டாகப் பிரித்து, தடித்ததைப் பெரிய பாக்ஸுக்கும் மெல்லியதைச் சின்ன பாக்ஸுக்கும் அனுப்புகிற பெட்டி. இந்த ஆடிக்குப் புதிதாக டிஜிட்டல் பெட்டி வாங்கியிருந்தோம். எந்த இடத்தில் பிரிப்பது, எவ்வளவு கறாராகப் பிரிப்பது என்று அது கேட்கும், நாம் சொல்ல வேண்டும். ஆற்றங்கரை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை அதை முதன்முதலாகப் பூட்டினேன்.

சுப்பம்மா அக்கா காலையிலிருந்தே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கரையோர வீடுகளை வரிசை வரிசையாகக் காலி செய்து, ஆட்களை ஊருக்கு வெளியே கட்டிய மாடி வீடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அவள் முறை. லாரி வந்தால் ஏறுவதா, இல்லை வாசலிலேயே படுத்துக்கொள்வதா என்று அம்மனைத்தான் கேட்கப்போகிறாளாம். தனிக்கட்டை, வேறு யாரைக் கேட்பாள்?

"அம்மா வாய்ல இன்னா வருதோ அத்த செய்வேன் அஸ்மத்து. சவுண்டு மட்டும் கிளியரா வெய்யி."

அம்மன் வருஷா வருஷம் வேலு மேல்தான் வருவாள். விழாத் தலைவர் கதிரேசன் அவருடைய மச்சான். முதல் மாலை யாருக்கு என்ற தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கதிரேசன் என் தோளுக்கு மேலே எட்டிப் பெட்டியின் திரையைப் படித்தார். "லோ பாஸ், ஹை பாஸ்னு போட்டுக்கீது. யாரு ஹை பாஸ்?"

"பாஸ்னா முதலாளி இல்லண்ணே, வழி விடறது. மெல்லிசு சத்தத்துக்கு மட்டும் வழி விட்டா ஹை பாஸ்."

"தலைவர் நானு. ஹை பாஸ் நான்தான்."

"அப்ப நான் லோ பாஸா?" என்று வேலு என்னை முறைத்தார்.

"லோ பாஸுக்குத்தான் பெரிய பாக்ஸுண்ணே," என்றேன். அவர் பாக்ஸின் உயரத்தைப் பார்த்துச் சமாதானமானார்.

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டிய பாக்ஸ்கள், இப்படியாகக் கோயிலுக்கு இடப்பக்கம் வேலுவுடையது, வலப்பக்கம் கதிரேசனுடையது என்று பாகம் பிரிந்தன. பிரிக்கிற கறாரை எங்கள் தொழிலில் சரிவு என்போம்; அந்தச் சரிவைக் கொஞ்சம் மெதுவாக வைக்கட்டுமா, நடுவில் இருக்கிற சத்தம் இரண்டிலும் கலந்து வரும் என்று கேட்டேன். அவர் சத்தம் என் பாக்ஸில் வரவே கூடாது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கும் எரிச்சல். படட்டும் என்று இருப்பதிலேயே செங்குத்தான சரிவைத் தேர்ந்தெடுத்தேன்.

பம்பைக்கு மைக் வைத்தோம். முதல் அடியில் இடப்பக்கம் 'தொம்' மட்டும், வலப்பக்கம் 'டக்' மட்டும். வேலு ஆட ஆரம்பித்தார். வலப்பக்கம், ஆயுளில் சாமியே ஆடாத கதிரேசனும் ஆடினார்.

சுப்பம்மா அக்கா கற்பூரத்தோடு நடுவில் போய் நின்றாள். "தாயீ, நாளிக்கு லாரி வருது. நான் இன்னா செய்யட்டும்?"

"ஓ," என்றார் வேலு.

"ப்," என்றார் கதிரேசன்.

"ஆ," என்றார் வேலு.

"வ்," என்றார் கதிரேசன்.

கூட்டம் விழித்தது. அங்கன்வாடி டீச்சர் கயல்தான் முதலில் புரிந்துகொண்டாள். "அவருக்கு உயிரெழுத்து வந்துக்கீது. இவருக்கு மெய்யெழுத்து வந்துக்கீது. சேத்துப் படிங்க. ப்பும் ஓவும் போ. வ்வும் ஆவும் வா."

உடனே கூட்டமும் இரண்டானது. போ என்றால் லாரியில் போ என்றது ஒரு பக்கம். வா என்றால் திரும்பி வா, போகாதே என்றது இன்னொரு பக்கம். நான் பயந்துபோய்ச் சரிவைக் குறைத்தேன், பெட்டியையே அணைத்தேன். பம்பை நின்ற பிறகும் ஒருவர் உயிராகவும் ஒருவர் மெய்யாகவுமே நின்றார்கள். என் கை செய்த வேலை இது. ஒரு கிழவியின் வீட்டு விஷயத்தில் விளையாடிவிட்டேனே என்று அழுகை வந்தது.

சுப்பம்மா அக்கா கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினாள். "இன்னாத்துக்கு சண்ட? போன்றது அவ எனக்கு சொன்னது. வான்றது நான் அவளாண்ட சொல்ல வேண்டியது. கூப்புட எனக்கு வாய் வராதுன்னு எனக்காவ அவளே சொல்லிட்டா."

மறுநாள் லாரியில் பீரோ, அடுப்பு, பாய் எல்லாம் ஏறின. பிறகு, இன்னும் சாமி இறங்காத வேலுவையும் கதிரேசனையும் சுப்பம்மா அக்கா ஏற்றி, அம்மன் பிரியக் கூடாது என்று முட்டியோடு முட்டி இடிக்க உட்காரவைத்தாள். லாரி கிளம்பும்போது அவர்கள் இருவரும் மாறி மாறி வாயைத் திறந்தார்கள்.

"ச்." "உ." "ப்." "ப்." "அ." "ம்." "ம்." "ஆ."

இத்தனை வருஷத்தில் அம்மன் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அக்கா பாய் மூட்டையின் மேல் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"இங்கதான் கீறேன், சொல்லு," என்றாள்.