பூட்டுக்காரரின் புத்தகம்

பூட்டுக்காரர் சொந்தச் செலவில் அச்சடித்த புத்தகத்தை அவரைத் தவிர யாராலும் திறக்க முடியவில்லை. மற்றவர் கைபட்டால் தாள்கள் செங்கல்லாக இறுகிக்கொண்டன. பசை கூடிவிட்டதோ என்று பைண்டர் கத்தியை நுழைத்துப் பார்த்தார், கத்திதான் வளைந்தது. பூட்டுக்காரர் வாங்கினால் சமர்த்தாக விரிந்தது.

பெரிய பதிப்பகத்திலேயே போட்டிருக்கலாம். கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். கொடுத்ததாலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது. ஒப்பந்தத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஐந்தாம் அத்தியாயம் இழுக்கிறது, எடுத்துவிடலாம் என்றதும் எழுந்து வந்துவிட்டார். அவர் எழுதியதே அந்த அத்தியாயத்துக்காகத்தான். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவை அக்கா ஒண்டி ஆளாகப் பார்த்துக்கொண்டபோது, வீட்டை எழுதி வாங்கத்தான் இந்தப் பணிவிடை என்று நினைத்துப் பேச்சை நிறுத்தியவர் அவர். அக்கா எதையும் எழுதி வாங்கவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. நேரில் கேட்க வாய் வராத மன்னிப்பை அச்சில் கேட்டிருந்தார்.

கூடுதலாக அடித்து ஒளித்துவிடுவார்களோ என்று அச்சகத்தில் மெஷின் பக்கத்திலேயே நின்று முறைத்தார். விற்ற பிறகும் விடவில்லை. நகலெடுக்கிறார்களா என்று பார்க்க வாங்கியவர் வீடுவரை பின்னாலேயே போய் உட்கார்ந்தார். எங்கேயும் புத்தகம் திறக்கவில்லை. பதிப்பகம்தான் ஏதோ செய்துவிட்டது என்றார். ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறவருக்கு வந்த கதியைப் பார்த்து ஊர் சிரித்தது.

கடைசியில் ஒரு பிரதியோடு அக்கா வீட்டுக்குப் போனார். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா வாங்கிப் பிரித்தாள், வரவில்லை. தம்பி அவள் விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்படிக் கண்கொட்டாம பாத்துட்டிருந்தா அது எப்படிடா திறக்கும்? அந்தப் பக்கம் திரும்பு.”

திரும்பினார். யாரையும் நம்பி அப்படி நின்றதில்லை, முதுகு கூசியது. கொஞ்ச நேரத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது. ஐந்தாம் அத்தியாயம் வந்திருக்குமா என்று சத்தத்தை வைத்தே தாள்களை எண்ணினார். வெகுநேரம் கழித்து அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

“இதை அன்னைக்கே வாயால சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல,” என்றாள். “இரு, சாப்பிட்டுப் போ.”

இப்போது கடையில் புத்தகம் சுமாராக விற்கிறது. வாங்குகிறவர் பிரித்துப் பார்க்கும்வரை பூட்டுக்காரர் கல்லாவை அப்படியே விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்கிறார். சாவி செய்ய வந்தவர்களும் பொறுத்திருக்கிறார்கள். முதலில் அந்தச் சுவரில் சின்னக் கண்ணாடி மாட்டிவைத்திருந்தார். அவர் அதில் ஓரக்கண்ணால் பார்க்கும்போதெல்லாம் புத்தகம் படாரென்று மூடிக்கொண்டது. கண்ணாடி இப்போது அக்கா வீட்டில் இருக்கிறது.