இரண்டு நிமிடக் குளியல்

பிள்ளைகள் வீட்டில் தாமாகவே என்னென்ன செய்துகொள்கிறார்கள் என்று பெற்றோர் எழுதி அனுப்ப வேண்டிய தாளில், சுரேந்தருக்கு எல்லாமே ‘தெரியாது’ என்று இருந்தது. குளிக்கத் தெரியாது, சட்டை போடத் தெரியாது, தலை சீவத் தெரியாது. கோயமுத்தூரில் சிறப்புப் பள்ளி ஆசிரியையாக இருந்த அன்புச்செல்விக்குப் புரியவில்லை. அவனுக்குப் பிறவியிலேயே மரபணுக் கோளாறு. இருபத்தொரு வயதிலும் யார் முகத்தையும் நேராகப் பார்க்க மாட்டான். சொன்னதையே இரண்டு முறை சொல்வான். ஆனால் பள்ளி உதவியாளர் யூனுஸ் ஒன்றரை வருடம் பாடுபட்டதில் தானாகக் குளித்து உடுத்தக் கற்றிருந்தான்.

சனிக்கிழமை அவள் சுரேந்தரின் வீடிருந்த பல்லடத்துக்குப் பஸ் ஏறினாள். அது 1996.

வீட்டை ஒட்டியிருந்த அவர்களுடைய விசைத்தறிக் கொட்டகைக்குப் பின்னால் சுரேந்தர் ஒட்டுத்துணியில்லாமல் நின்றிருந்தான். வேலையாள் காளிச்சாமி மோட்டார் குழாயைப் பிடித்து, எருமையைக் கழுவுவதுபோல அவன்மேல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். தறிவேலைக்கு வந்த பெண்கள் அவ்வழியே போய்வந்தார்கள். டீச்சரைக் கண்டதும் சுரேந்தர் குந்தி உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். காளிச்சாமி அவன் முதுகில் தண்ணீரை அடித்தார்.

அன்புச்செல்வி நேராகப் போய் மோட்டாரை நிறுத்தினாள்.

அப்பா தம்பிதுரை சிரித்தபடியே வந்தார். “அவனாக் குளிச்சா முக்கா மணி நேரமாகுதுங்க டீச்சர். இது ரெண்டு நிமிசம்.”

“பொம்பளைங்க நடமாடுற எடமுங்க.”

“இவனுக்கெதுக்குங்க வெக்கம்?”

காப்பியோடு வந்து நின்ற அம்மா சாந்தாமணியும் தலையாட்டினாள். அந்த டம்ளரைத் தொடவே அன்புச்செல்விக்குக் கை கூசியது. துண்டும் உடுப்பும் கேட்டு வாங்கிச் சுரேந்தரிடம் கொடுத்து, குளியலறைக்கு அனுப்பினாள். அவன் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டான். தம்பிதுரை பலமுறை கதவைத் தட்டியும், “வாரேன், வாரேன்” என்ற குரல்தான் வந்தது. ஐம்பது நிமிடம் கழித்து, தலை துவட்டி, பொத்தானை ஒன்று தள்ளி மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். சாந்தாமணி அவனை யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். தம்பிதுரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

திங்கட்கிழமை அவனைப் பள்ளிக்குக் கூட்டிவந்த காளிச்சாமி சொன்னார்: “மொதலாளி தாப்பாளக் கழட்டிப்போட்டாருங்க. தம்பி தண்ணி அண்டாவ இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுத்துப்போட்டுக் குளிக்குதுங்க. ஆரும் சொல்லிக் குடுக்கலீங்க.”

அதை ஏதோ குறும்பு என்று நினைத்து அவர் சிரித்தார். ஒரு மனிதன் குளிப்பதற்கு இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறதே என்று நினைக்க நினைக்க அன்புச்செல்விக்கு வாயெல்லாம் கசந்தது.