அண்ணன் ஷூவில் குடிவந்த நண்டு

உள்ளூர் நண்டுகள் கடலைவிட்டு ஏறி ஷூக்களில் குடிபுகுந்த வருஷம், துறைமுகத்துப் பின்தெருவில் தபால்காரரிலிருந்து பள்ளிக்கூட வாத்தியார் வரைக்கும் ரப்பர் செருப்போடுதான் வேலைக்குப் போனார்கள். எல்லாம் பச்சை நண்டு செய்த வேலை. சரக்கில்லாமல் வருகிற கப்பல்கள் பாரத்துக்காக எங்கேயோ தூரதேசத்தில் நிரப்பிய தண்ணீரை இங்கே கொட்டிவிட்டுச் சரக்கேற்றும். அதில் பொடிப்பொடியாக வந்திறங்கியவை, நாலைந்து வருஷத்தில் கல்லிடுக்கு, பொந்து ஒன்று விடாமல் வளைத்துப்போட்டு, உள்ளூர் நண்டின் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. கேட்பாரில்லை. உள்ளூர் நண்டு, பாவம், மரியாதை தெரிந்தது. வாசலில் நின்று கொடுக்கால் படியை இரண்டு தட்டு தட்டும். யாராவது வாய்திறந்து "சரி, வா" என்றால்தான் ஷூவுக்குள் இறங்கும். சொல்லாவிட்டால் அங்கேயே கிடந்து காயும்.

அண்ணி வீட்டில் மட்டும் அந்த வார்த்தை வரவில்லை. நண்டு உடைத்துச் சதையெடுக்கும் கொட்டகையில் வேலை பார்த்த அவளைத் தெருவே அண்ணி என்றுதான் கூப்பிடும். அவள் புருஷன், தெருவுக்கு அண்ணன், அப்படியொரு கப்பலில் வேலைக்கென்று ஏறிப்போய் ஒன்பது வருஷம். கடுதாசி இல்லை, போன் இல்லை. அவனுடைய கறுப்பு ஷூ ஜோடி மட்டும் வாசலில் இருந்தது. வாரம் தவறாமல் பாலிஷ் போடுவாள். "பெத்தவ நானே சொல்றேன், அதைத் தூக்கி உள்ள வைம்மா" என்று மாமியாரும் சொல்லிப் பார்த்தாள். அண்ணி கேட்டால்தானே!

வயிறு நிறைய முட்டையோடு ஒரு பெட்டை நண்டும் அதன் ஜோடியும் வந்து படியைத் தட்டின.

"காலியில்ல. ஆள் வருவாரு" என்றாள் அண்ணி.

மறுநாளும் தட்டின. "பகலெல்லாம் உங்க ஆளுங்களைத்தான் உடைக்கிறேன், என்கிட்டயா வந்து நிக்கறீங்க, அறிவிருக்கா?" என்று திட்டிக்கொண்டே ஒரு சொம்பு உப்புத்தண்ணீர் ஊற்றினாள். அடுத்த நாள் தட்டல் ஒன்றுதான் கேட்டது, அதுவும் சுரத்தில்லாமல். முட்டைகள் காய ஆரம்பித்திருந்தன. சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் சொல்லவேண்டியது இன்னொன்று இருந்தது, ஒன்பது வருஷமாகத் தொண்டையில் நின்றது. அண்ணி படியில் உட்கார்ந்தாள்.

"அவரு வரமாட்டாரு" என்றாள். சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். உள்ளேயிருந்து மாமியாரும் அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, வாங்க" என்றாள். பெட்டை இடது ஷூவிலும் ஆண் வலது ஷூவிலும் இறங்கின.

கடல் பொங்கும் நாட்களில் தெருவின் ஷூக்களெல்லாம் வரிசையாகக் கடலுக்கு நடந்துபோய்க் குஞ்சுகளை விட்டுவிட்டுத் திரும்பும். அண்ணன் ஷூ இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, பக்கவாட்டில் சுவரோரமாக வந்ததைப் பார்த்து மாமியார், "சம்பள நாள்ல அவனும் இப்படித்தான் வருவான்" என்று சிரித்துவிட்டாள். பாறைகளில் இன்றைக்கும் பச்சை நண்டின் ராஜ்ஜியம்தான். ஷூக்கள் போய்வந்துகொண்டிருக்கின்றன. அண்ணியும் வாரம் தவறாமல் பாலிஷ் போடுகிறாள். உள்ளே ஆள் இருப்பதால், கொஞ்சம் மெதுவாக.