இரண்டு கோட்டு வைத்திருந்தவர்

எனக்கு வாய் நீளம். பொய்யும் சரளமாக வரும். சலவைக் கடை நடத்துகிறவளுக்கு இந்த இரண்டும் இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது. "மெஷின் ரிப்பேர் சார்", "நேத்து பூரா கரண்ட் இல்ல மேடம்", "இந்தக் கறை நீங்க கொண்டு வரும்போதே இருந்துச்சு" என்று மூன்று பொய்கள் என் கவுண்டரில் எப்போதும் மடித்துத் தயாராக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவேன், கண்ணை மூடி ஜெபம் பண்ணுவேன், திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கியதும் முதல் பொய்யைச் சொல்லுவேன். அதில் எனக்கு எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

அண்ணனும் அண்ணியும் ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர்கள். அதனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர்கள் மகள் என்னோடுதான். கடைக்கு மேலேயே வீடு. ஒன்பது வயது, வீட்டில் எல்லாருக்கும் அவள் வாலு. ஏன் என்று அவளோடு அரை மணி நேரம் இருந்தால் தெரிந்துவிடும்.

ஆராதனைக்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு உண்டு. முன்பு இருந்த டீச்சர் வசனங்களை மனப்பாடம் செய்ய வைப்பார். பிள்ளைகளும் கிளி மாதிரி ஒப்பித்துவிட்டு, வெளியே வந்ததும் ஒருத்தன் முடியை ஒருத்தன் பிடித்து இழுப்பார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். அவருக்குப் பிறகு வந்தவள் ஒரு பஸ் டிரைவர். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஸ்டியரிங் டீச்சர். பஸ்ஸுக்குள் சொல்வது போலவே "உள்ளே போ, உள்ளே போ, வழியில நிக்காதே" என்றுதான் வகுப்பைத் தொடங்குவாள். அன்பைப் பற்றிப் பாடம் என்றால் அன்றைக்குப் பிள்ளைகள் கையில் துடைப்பம் இருக்கும். ஓசியில் வேலை வாங்குகிறாள் என்று நான் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு ஞாயிறு, குளிர் எலும்பைக் குடைந்த நாள், அவள் வகுப்புக்குத் தன் ஸ்வெட்டர்கள் இரண்டைக் கொண்டு வந்தாள். "ரெண்டு வெச்சிருக்கிறவங்க ஒண்ணை இல்லாதவங்களுக்குக் குடுக்கணும். இயேசுவை நம்புறேன்னு வாயால சொல்றது ரொம்ப சுலபம். குளிர்ல நடுங்குறவங்களுக்கு உங்க வாய் சூடு குடுக்காது" என்றாள். பிறகு கையோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், எதிர்த் தெருவில் செய்தித்தாள் விற்கும் அம்மாளுக்கு ஒரு ஸ்வெட்டரைக் கொடுத்துவிட்டு வந்தாள். வாலு அன்று முழுக்க இதையே பேசிக்கொண்டிருந்தாள். நான் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு மதியம், மடித்து வைக்க வேண்டிய துணிகளைப் பார்க்கக் கீழே இறங்கினேன். கம்பியில் தொங்கிய சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டைக் காணவில்லை.

அது யாருடையது என்று சொல்ல வேண்டும். பக்கத்துத் தெரு ஹோட்டல் மேனேஜருடையது. அந்த ஹோட்டலின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, டவல் எல்லாம் என்னிடம்தான் சலவைக்கு வரும். என் கடை வேலையில் சரிபாதி அது. மனிதர் ஒவ்வொரு விரிப்பையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். நான் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. தன்னுடைய கோட்டு இரண்டையும், ஒன்று கருப்பு, ஒன்று சாம்பல், டிரை வாஷுக்குக் கொடுத்திருந்தார். அன்று மாலை ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவதாக ஏற்பாடு.

"வாலு! அந்தச் சாம்பல் கலர் கோட்டைப் பார்த்தியா?"

"அதுவா? குடுத்துட்டேன் அத்தை."

"குடுத்துட்டியா? யாருக்கு?"

"டிப்போல பஸ் கழுவுற மாமாவுக்கு. காலையில கிளாஸுக்குப் போகும்போது பார்த்தேன், நடுங்கிட்டிருந்தாரு. ஓடி வந்து எடுத்துட்டுப் போய் குடுத்தேன்."

"அது யாரோட கோட்டுடி?"

"ஹோட்டல் சாரோடது. அவருக்குத்தான் ரெண்டு இருக்கே!"

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். என் மருமகள் அதைப் புண்ணியமாகவே ஆக்கிவிட்டாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன்.

ஸ்டியரிங் டீச்சர் யூனிஃபார்மில் இருந்தாள். மதிய ஷிஃப்டுக்குக் கிளம்புமுன் வகுப்பறை பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். "பிள்ளைக்குத் திருடவா சொல்லிக் குடுக்கிறீங்க? என் கடையை மூட வைக்கவா கிளாஸ் எடுக்கிறீங்க?" என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். எதிர்த்துப் பேசுவாள், நானும் இரண்டு மடங்கு பேசலாம் என்று எதிர்பார்த்தேன். அவள் கடைசி வார்த்தை வரைக்கும் நின்று கேட்டாள்.

"தப்பு என்னோடதுதான் அக்கா," என்றாள். "ரெண்டு இருந்தா ஒண்ணு குடுன்னு சொன்னேன். யாரோட ரெண்டுன்னு சொல்லலை."

அப்படி ஒருத்தி உடனே ஒத்துக்கொண்டால் மேற்கொண்டு எப்படிச் சண்டை போடுவது? அவள் வாலு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "உன் மனசு நல்ல மனசு. ஆனா அந்தக் கோட்டு உன்னோடது இல்லம்மா. உன்னோடது இல்லாததை நீ குடுக்க முடியாது. நாம ரெண்டு பேரும் போய்க் கேட்டு வாங்கிட்டு வருவோம்."

அப்போதுதான் வாலு அழ ஆரம்பித்தாள். "திருப்பி வாங்கினா அவருக்குக் குளிருமே டீச்சர்?"

"குளிரும்," என்றாள் டீச்சர். "அதை நான் சும்மா விடமாட்டேன்."

டீச்சர் பஸ் எடுக்கிற அதே டிப்போதான். நாங்கள் மூவரும் போனபோது பஸ் கழுவுபவர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் குழாயோடு நின்றார். சட்டை பாதி நனைந்திருந்தது. இந்தத் தண்ணீரில் கம்பளி என்ன ஆகியிருக்குமோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் கோட்டு, கழுவி முடித்த ஒரு பஸ்ஸுக்குள், என் கடைப் பிளாஸ்டிக் கவரோடு, ஹேங்கரில் ஒழுங்காகத் தொங்கியது.

"மாமா," என்றாள் வாலு. "அது... என்னோட கோட்டு இல்ல. நான் குடுத்தது தப்பு. திருப்பித் தரீங்களா?"

"உங்க கடைக்குத்தான் வரணும்னு இருந்தேம்மா," என்றார் அவர் என்னைப் பார்த்து. "உள்ளே உங்க சீட்டு குத்தியிருக்கு. ரெண்டு மணிக்கு வேலை முடியும், கொண்டாந்து குடுக்கலாம்னு எடுத்து வெச்சிருக்கேன்."

"அப்போ காலையிலேயே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"பாப்பா ரெண்டு கையாலயும் தூக்கிட்டு ஓடி வந்து நீட்டுச்சும்மா. எப்படிம்மா வேண்டாம்னு சொல்றது?" என்றவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆனா ஒரு அரை மணி நேரம் போட்டுக்கிட்டேன். அதை மறைக்கக் கூடாது. குளிர் தாங்கலை. கையைத் தூக்கும்போது டர்ருன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. உடனே கழட்டிட்டேன்."

பிரித்துப் பார்த்தேன். அக்குள் பக்கம் தையல் நாலு விரல் நீளத்துக்கு விட்டிருந்தது. துணி கிழியவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

"அஞ்சு மணிக்கு நான் வந்து அவர்கிட்ட சொல்லட்டுமாக்கா?" என்று டீச்சர் கேட்டாள். "ஷிஃப்டை மாத்திக்கிறேன். பாடம் நடத்தினது நான்தானே."

"யாரும் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றேன். "நீங்க உங்க பஸ்ஸைப் பாருங்க." அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள், வாலுவை ஒரு தடவை பார்த்தாள், போய்விட்டாள்.

தைப்பதில் நான் கெட்டிக்காரி. அதே நிற நூல், அதே இடைவெளி, ஆவியில் நீவி, பிரஷ் போட்டு, மறுபடி கவரில் ஏற்றி மூன்றரைக்கு முடித்துவிட்டேன். தைத்தவளே தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. வாலுவைக் கூப்பிட்டு, "அவர் வந்து போற வரைக்கும் வாயைத் திறந்தே, தோலை உரிச்சிடுவேன்" என்றேன்.

ஐந்து மணிக்குச் சரியாகப் பூதக்கண்ணாடி வந்தார். கருப்பைப் பார்த்தார். சாம்பலைப் பார்த்தார். காலரைத் திருப்பினார், கையை உள்ளே விட்டார், விளக்கடியில் பிடித்தார்.

"பரவாயில்லையே. இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் ஒழுங்கா பண்ணியிருக்கீங்க."

"நேத்தே முடிச்சுட்டேன் சார். அப்படியே கவர்ல தொங்குது. யார் கையும் படலை."

சொல்லிவிட்டு, வாய் திறந்துவிடுவாளோ என்று பக்கத்தில் பார்த்தேன். வாலு கவுண்டருக்குப் பின்னால் நின்று, இரண்டு உள்ளங்கையாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை அப்படியே செய்துகொண்டிருந்தாள். விரல்களுக்கு மேலே இரண்டு கண்கள். அவை அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தன.

எனக்கு அவமானமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்ல? பஸ் கழுவுகிற மனிதர், யாரும் கேட்காமலே, "போட்டுக்கிட்டேன், டர்ருன்னு சத்தம் கேட்டுச்சு" என்றார். அவருக்கு இழக்க ஒரு கடைகூட இல்லை, மானம் ஒன்றுதான் இருந்தது, அதைத் தயங்காமல் எடுத்து வைத்தார். அந்த டீச்சர் ஆறு மாதமாகச் சொல்லிக் கொடுத்ததை நான் ஆறு நிமிஷத்தில் துடைத்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் வெளியே போகக் கதவைத் திறந்துவிட்டார்.

"சார், ஒரு நிமிஷம்."

எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டு போனது, திரும்பி வந்தது, தையல், இப்போது சொன்ன பொய் எல்லாம். அவர் முகம் மெல்ல மெல்ல இறுகியது.

"என் கோட்டை எவனோ போட்டிருக்கான்."

"எவனோ இல்ல சார். பஸ் கழுவுறவர். ரொம்ப நல்ல மனுஷன்."

வாலு கைகளை எடுத்தாள். "சாரி அங்கிள். நான்தான் குடுத்தேன். உங்ககிட்ட ரெண்டு இருந்துச்சு."

அவர் குனிந்து அவளைப் பார்த்தார். மனம் இளகுவார் என்று நினைத்தேன். சர்ச்சில் சொல்கிற கதைகளில் அப்படித்தான் நடக்கும். அவர் இரண்டு கோட்டையும் தோளில் போட்டுக்கொண்டு, "நாளையிலேருந்து ஹோட்டல் துணி வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே திங்கட்கிழமை வண்டி வரவில்லை.

அன்றைக்குச் சலவை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரோடு சண்டை போட்டேன். உண்மை சொன்னதற்கு இதுதான் கூலியா என்று கேட்டேன். விஷயம் கேள்விப்பட்டு நாலைந்து பேர் வந்தார்கள். "கர்த்தர் பார்த்துக்குவார்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள். செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் முடிந்து ஸ்டியரிங் டீச்சர் வந்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். "ஹோட்டல் வேலையில பின்தங்கிப் போன மத்த துணியெல்லாம் எது அக்கா?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு மணி நேரம் சட்டை தேய்த்தாள். சுமாராகத்தான் தேய்த்தாள், காலர் ஓரத்தில் எல்லாம் சுருக்கம். அவள் போன பிறகு நான் மறுபடி தேய்த்தேன். ஆனால் இந்தக் கடையை நடத்திய இத்தனை வருஷத்தில் என் பக்கத்தில் நின்று யாரும் அப்படித் தேய்த்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

புதன்கிழமை டிப்போவில் ஒரு கூத்து நடந்ததாகக் கேள்விப்பட்டேன். கழுவும் வேலைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய ரப்பர் கோட்டும் கம்பளி உள்சட்டையும் மூன்று வருஷமாக ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்ததாம். ஸ்டோர் சாவி வராமல் பஸ்ஸை எடுக்கமாட்டேன் என்று ஸ்டியரிங் டீச்சர் மேலதிகாரி மேஜை முன்னால் நின்றுவிட்டாளாம். இருபது நிமிஷம். பிரயாணிகள் கத்த, அதிகாரி கத்த, சாவி வந்தது. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதமும் வந்தது. "சும்மா விடமாட்டேன்" என்று அவள் பிள்ளையிடம் சொன்னது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த ஞாயிறு ஆராதனைக்குக் கொஞ்சம் சீக்கிரமே போய்விட்டேன். வகுப்பு முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே, யாரும் பார்க்காத மாதிரி ஒதுங்கி நின்றேன்.

"இந்த வாரம் யாராவது நல்லது பண்ணினதைப் பார்த்தீங்களா?" என்று டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தாள். "கேள்விப்பட்டது வேண்டாம். கண்ணால பார்த்ததை மட்டும் சொல்லணும்."

ஒரு பிள்ளையின் அப்பா பக்கத்து வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார். இன்னொரு பிள்ளையின் அக்கா கண் தெரியாத ஒருவருக்குத் தினமும் கடிதம் படித்துக் காட்டுகிறாள். எல்லாம் பெரிய பெரிய விஷயங்கள். வாலு எழுந்து நின்றாள்.

"எங்க அத்தை ஒரு பொய்யைச் சொல்லிட்டு, அது பொய்னு அவங்களே சொல்லிட்டாங்க டீச்சர்."

பின் பெஞ்சில் ஒரு பெண் பிள்ளை களுக்கென்று சிரித்தாள். "ப்பூ, உண்மை சொல்றதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?"

"உனக்கு எங்க அத்தையைத் தெரியாது," என்றாள் வாலு. "அவங்களுக்கு அது ரொம்ப ரொம்பக் கஷ்டம்."