பெவர்லிக்குப் போட்ட கட்டு

பெவர்லி முறிந்தபோது பிஞ்சு முருங்கைக்காயை ஒடித்தாற்போல ஒரு சத்தம் கேட்டது.

நெவில் கையில் கயிற்றோடு அப்படியே நின்றார். கயிற்றின் மறுமுனை பெவர்லியின் கழுத்தில் இருந்தது. நடுத்தண்டு கவட்டில் பிளந்து, ஒரு பாதி வானத்தையும் மறுபாதி தக்காளிப் பாத்தியையும் பார்த்துக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி ஹேசல் ஒன்றும் நடக்காதது மாதிரி காற்றில் ஆடிக்கொண்டிருந்தாள்.

இரண்டும் பக்கத்து வீட்டுக் கோரலியின் கஞ்சாச் செடிகள். பெயர்கள் அவருடைய முன்னாள் கணவரின் அக்காமார் இருவருடையவை. "ரெண்டு பேரும் தலையக் கிள்ளி விட்டாத்தான் அடங்குவாங்க" என்பது பெயர் வைத்த அன்று கோரலி சொன்ன விளக்கம். கான்பெர்ராவில் ஆளுக்கு இரண்டு செடி வளர்த்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அதில் ஓர் இலையைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தரக் கூடாது என்பது சட்டம். கோரலி சட்டத்தை மதிப்பவர். வேலிக்கு மேலாக நெவிலுக்கு இதுவரை வந்து சேர்ந்தவை சுரைக்காய் அளவுக்கு முற்றிய சுக்கினிகளும், அவற்றோடு இலவசமாக வசவுகளும்தான்.

கோரலி ஒரு வாரமாக ஊரில் இல்லை. டவுன்ஸ்வில்லில் இருக்கும் மகன் டாரன், வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் அம்மாவுக்கென்று ஓர் அறை கட்டியிருக்கிறான். வந்து பார், பிடித்தால் இங்கேயே இருந்துவிடு என்று கூப்பிட்டிருந்தான். விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்ட நெவில், வழி முழுக்க வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்த கேள்வியை இறக்கும் இடத்தில்தான் வெளியே துப்பினார்.

"அங்கயே போயிடுவியா கோரலி?"

"பெவர்லி வேலிக்கு மேல எட்டிப் பாக்குறா. தெனம் சாயங்காலம் ஒரு விரல்கடை சாய்ச்சுக் கட்டு. அடி இலையெல்லாம் எடுத்துடு. பூக்க ஆரம்பிச்சப்புறம் கத்தரிய எடுத்துக்கிட்டுப் போய் நிக்காத" என்று சொல்லிவிட்டுக் கோரலி பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இதை வைத்துக்கொண்டுதான் நெவில் ஒரு வாரம் உயிர் வாழ்ந்தார். ஜனவரியில் கவாத்து செய்யச் சொல்பவள் ஏப்ரலில் அறுவடைக்கு இருப்பாள் அல்லவா? போகிறவள் எதற்காகச் செடிக்குக் கிளை பிரித்துவிடச் சொல்லப்போகிறாள்? அதுவும் டவுன்ஸ்வில் இருக்கும் மாநிலத்தில் ஒரு செடி வைத்தாலும் போலீஸ் வந்து நிற்கும். குளிக்கும்போதும் ரொட்டியில் வெஜிமைட் தடவும்போதும் இதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் விடை அவருக்குச் சாதகமாகவே வந்தது.

கணக்குப் போட்டாரே தவிர, செடியைச் சாய்க்கவில்லை. நாளை கோரலி வருகிறார் என்பது இன்று காலை பல் துலக்கும்போதுதான் உறைத்தது. ஒரு வார வேலையை ஒரே இழுப்பில் முடித்துவிடலாம் என்று பார்த்தார்.

"என்னய்யா, தூக்குல போட்டுட்டியா?"

கோரலியின் மறுபக்கத்து வேலிக்கு மேல் ஸ்வோன்கோவின் தலை முளைத்திருந்தது. முப்பது வருடமாகக் கொல்லையில் திராட்சைக் கொடி படரவிட்டிருக்கும் மனுஷன்.

"லேசாத்தான் இழுத்தேன்" என்றார் நெவில்.

"காலைல தண்ணி ஊத்தினியா?"

"ரெண்டு வாளி. வெயில்ல வாடிக் கெடந்துச்சேன்னு பாவம் பாத்தேன்."

"அட புண்ணியவானே! வாடினப்பத்தான்யா வளைக்கணும். வயிறு முட்டத் தண்ணி குடிச்ச தண்டு கண்ணாடி மாதிரி. தொட்டா ஒடையும். அதனாலதான சாயங்காலத்துல செய்யச் சொல்றது! அவ சொல்லலியா?"

"சொன்னா."

"பின்ன?"

"சாயங்காலம் டெஸ்ட் மேட்ச் ஓடிச்சு."

ஸ்வோன்கோ நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். "யாரு ஜெயிச்சா?"

"மழை. டிரா."

"டிராவுக்கா ஒரு உசுரு போச்சு!"

திட்டி முடித்த பிறகு வழியும் அவரே சொன்னார். பிளந்த இரண்டு பாதியையும் ஈரம் காயும் முன்னே சேர்த்துப் பிடித்து, கரண்ட் வேலைக்கு ஒட்டும் கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்ற வேண்டும். நெவில் சுற்றினார். டேப் போதாது போலிருந்தது. தன் வலது முழங்காலில் மாட்டியிருந்த எலாஸ்டிக் கட்டைக் கழற்றி அதற்கு மேல் சுற்றினார். கடற்கரைக் குடையைக் கொண்டுவந்து விரித்து நட்டார். நாற்காலி போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர் மாதிரி மாலை வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பெவர்லி செத்துவிட்டால் கோரலிக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது? ஹேசல் ஒருத்தி. ஹேசலைக் கோரலிக்கு எப்போதுமே அவ்வளவாகப் பிடிக்காது.

மறுநாள் விமான நிலையத்திலிருந்து திரும்பும் வழியில் நெவில் வானிலை, பெட்ரோல், ரவுண்டானாக்களின் எண்ணிக்கை என்று எதையெதையோ பேசிக்கொண்டு வந்தார். காரை விட்டு இறங்கியதும் கோரலி கேட்டார்.

"ஏன் நொண்டுற?"

"வயசு."

"போன வாரம் இந்த வயசு இல்லியா?"

பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு அவர் நேராகக் கொல்லைக்கு நடந்தார். குடையைப் பார்த்தார். குடைக்குக் கீழே, முழங்கால் கட்டோடு நின்ற பெவர்லியைப் பார்த்தார்.

"இது என்ன?"

"கொக்கட்டூ" என்றார் நெவில். "வெள்ளக் கிளி, ஒரு கூட்டமே பறந்து வந்துச்சு. நான் வெரட்டுறதுக்குள்ள..."

"கொக்கட்டூவா?"

"பெரிய கொக்கட்டூ."

கோரலி குனிந்து, மண்ணில் அடித்திருந்த கூடார முளையிலிருந்து நைலான் கயிற்றைத் தூக்கிக் காட்டினார். "மொளையும் அடிச்சு, கயிறும் கட்டி, முடிச்சு வேற போட்டுட்டுப் போயிருக்கு."

"ரொம்ப வெவரமான பறவ கோரலி!" என்று வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"நீ வாய மூடு ஸ்வோன்கோ."

கோரலி கட்டுக்கு மேலே இருந்த இலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். வதங்கவில்லை. விறைப்பாகவே இருந்தன.

"பொழச்சுக்கும். ஒடிஞ்ச எடத்துல முட்டி மாதிரி ஒண்ணு பொடைச்சுக்கிட்டு வரும், அவ்வளவுதான். கட்ட மட்டும் அவுத்துடாத."

"அப்ப என் முட்டி?"

"ஒன் முட்டி பூக்கப் போறதில்ல."

அவர் கத்தரியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு, நெவில் எடுக்காமல் விட்ட அடி இலைகளை வெட்டத் தொடங்கினார். நெவில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டவுன்ஸ்வில் எப்படி?"

"வேர்வ."

"டாரன் கட்டின ரூமு?"

"வெள்ளக் கம்பளம். இந்தக் கெளையக் கொஞ்சம் தூக்கிப் பிடி."

நெவில் பிடித்தார். "புடிச்சுதா ஒனக்கு?"

"இந்தா பாரு, அடியில கெடக்குற குச்சிங்கள. வெயிலும் படாது, பூவும் வைக்காது. மேல இருக்குறவன் சாப்பாட்டத் தின்னுட்டுச் சும்மா உக்காந்திருக்கும். டாரனோட மச்சினன் மாதிரி." கத்தரி கறக்கென்றது.

"கோரலி."

"அடுத்த கெள."

"கோரலி, கொக்கட்டூ ஒண்ணும் வரல. நாந்தான் ஒடிச்சேன்."

"அப்பாடி, நான் பறவையத் தேடிக்கிட்டுல்ல இருந்தேன்."

"கேளு. நீ என்னைக் கவாத்து பண்ணச் சொல்லிட்டுப் போனியா, சரி, போறவ இப்படிச் சொல்ல மாட்டா, ஏப்ரலுக்கு இங்கதான் இருப்பான்னு நெனச்சேன். ஒரு வாரமா இதத்தான் நெனச்சேன். கடைசில நானே அத ஒடிச்சுட்டேன். செடி போயிட்டா இந்த ஊர்ல ஒனக்கு என்ன இருக்கு, சொல்லு."

"யோவ், ஒரு செடிக்காக ஊர்ல கெடக்குற பொம்பளையா நான்?"

"ரெண்டு செடி" என்றார் நெவில், ஈனக்குரலில்.

கோரலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்க இன்னொரு குச்சியை வெட்டினார். ஸ்வோன்கோ வீட்டில் இவ்வளவு நேரம் திராட்சைக்கு ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாய் சட்டென்று நின்றது. ஒட்டுக் கேட்க இடைஞ்சலாக இருந்திருக்கும்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார் நெவில். கிளையை இன்னும் பிடித்தபடியேதான் இருந்தார். "டவுன்ஸ்வில்லுக்குப் போறியா, இல்லியா?"

கோரலி கத்தரியைக் கீழே வைத்தார். முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"போகல. டாரன்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். செடிக்காக இல்ல நெவில். ஒனக்காக."