மின்னலுக்கு ஒரு டோக்கன்

ஏழு திரைகளைக் கொன்று ஒரே திரையாக்கிய பெருமிதத்தில் இருந்தாள் குந்தவை.

'மின்னல்' என்பது கிரிப்டோ நாணயம் வாங்கி விற்கும் செயலி. அதன் பழைய வடிவத்தில் ஒரு நாணயத்தை விற்றுமுடிப்பதற்குள் மனிதருக்கு ஆசையே அற்றுப்போய்விடும். குந்தவை வடிவமைத்த புதியதில் 'விற்க' என்று ஒரு பொத்தான் மட்டும்தான். தொட்டால் விற்றுவிடும். இடையில் கண் சிமிட்டியவர்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல.

நீடாமங்கலத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே பெங்களூர் நிறுவனத்துக்கு வேலை பார்த்துவந்தாள். அந்தச் சுகத்துக்குத்தான் இப்போது ஆபத்து. இன்றைய சோதனையில் ஊர்க்காரர்கள் செயலியை நம்ப வேண்டும். நம்பாவிட்டால் திங்கட்கிழமை முதல் பெங்களூர் அலுவலகத்துக்கே வந்துவிட வேண்டும் என்று மேலாளர் ஜெக்கரியா சொல்லியிருந்தார். பெங்களூரில் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். போகாமலிருக்க குந்தவைக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை.

சோதனைக்கு இருவர் வந்திருந்தார்கள். ஒருவர் பக்கத்து வீட்டுப் பஞ்சநதம் மாமா; நிலம் பாதி விற்றுப்போனாலும் மிராசுதார் மிடுக்கில் ஒரு குழிகூட விற்காதவர். இன்னொருவர் வேம்பு அக்கா. குத்தகை நிலத்தில் குறுவை நெல் போட்டு, மகளை நர்சிங் படிக்க வைப்பவள். ஆளுக்கொரு போன், அதில் சோதனைக்கென்று கொஞ்சம் போலி நாணயம். மடிக்கணினியில் ஜெக்கரியா மைக்கை மூடிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இந்தக் காசக் கண்ணால பாக்க முடியுமா?" என்றார் பஞ்சநதம்.

"முடியாது மாமா."

"தொட?"

"அதுவும் முடியாது."

"அப்ப நம்ம சாகுபடி லாபம் மாதிரின்னு சொல்லு."

ஜெக்கரியா சிரித்தது தெரிந்தது. நல்ல சகுனம் என்று குந்தவை நினைத்துக்கொண்டாள்.

இருவரும் பொத்தானைத் தொட்டார்கள். விற்றாயிற்று. பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்து போனது. பஞ்சநதம் தோளிலிருந்த துண்டை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தார்.

"எங்க மாமா போறீங்க?"

"டீ குடிக்க. துண்டு போட்டிருக்கேன், எடத்த யாருக்கும் விட்டுடாத."

வேம்பு மட்டும் போனைக் கையில் ஏந்தியபடி அசையாமல் இருந்தாள்.

"அக்கா, முடிஞ்சுதுக்கா."

"எது முடிஞ்சுது? இன்னும் யாருமே வரலியே."

"யாரு வரணும்?"

"என்ன தங்கச்சி இப்படிக் கேக்குற! நெல்லுக் கொள்முதல் நெலையத்துல விக்கிறேன்னு சொன்னா ஒரு டோக்கன் குடுப்பாங்க. காத்துக் கெடக்கணும். அப்புறம் ஒரு ஆளு வந்து கைப்பிடி அள்ளி, மெஷின்ல போட்டு, ஈரப்பதம் பாத்து, மூஞ்சியச் சுளிச்சு, காய வச்சு எடுத்துட்டு வாம்பாரு. அதுக்கப்புறந்தான் வியாபாரம். தொட்ட ஒடனே தூக்கிட்டுப் போறவன் வியாபாரியா? களவாணி!"

செயலியை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கடைசியில் ஒரு கேள்வி வரும். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். வேம்பு பூஜ்யம் போட்டாள். அதற்குக் கீழே இருக்கிறதா என்றும் தேடிப்பார்த்தாள். பஞ்சநதம் போடவேயில்லை. அவரைப் பொறுத்தவரை விற்பனை இன்னும் தொடங்கவில்லை, டீக்கடையில் இருந்தார்.

ஜெக்கரியா மைக்கைத் திறந்தார். "குந்தவை, திங்கக்கெழமை..."

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார்."

வெல்லச் சாம்பாரின் வாசனை மூக்கில் ஏறிய வேகத்தில் குந்தவை வேலை பார்த்தாள். ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அதை அவள்தான் அழகுக்காக மறைத்திருந்தாள். விலையைச் சரிபார்ப்பது, வாங்க ஆள் தேடுவது, கணக்கில் ஏற்றுவது எல்லாம் செயலிக்குள் நடந்துகொண்டுதான் இருந்தன. யாரும் பார்ப்பதற்குள் நடந்து முடிந்தன. எல்லாவற்றையும் வெளியே இழுத்து, ஒன்றன்பின் ஒன்றாக, ஆற அமரக் காட்டும்படி செய்தாள். கொன்ற திரைகள் ஒவ்வொன்றாக உயிர்த்து வருவதைப் பார்க்கக் கொஞ்சம் வயிறு எரிந்தது.

சாயங்காலம் மறுபடி சோதனை. பொத்தானைத் தொட்டதும் டோக்கன் எண் வந்தது. பஞ்சநதம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு அஞ்சு. ஒனக்கு என்ன வேம்பு?"

"நாலு."

"நீ எப்படி எனக்கு முன்னாடி?"

"நீங்க இப்பவும் மெதுவாத்தானே தொட்டீங்க. வரிசைன்னா வரிசைதான்."

'சரிபார்க்கிறோம்' என்று திரை சொன்னது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"காசு காஞ்சுதான் இருக்கு, நல்லாப் பாருங்க" என்று வேம்பு போனுக்குத் தைரியம் சொன்னாள்.

'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று வந்ததும் அவள் கைதட்டிவிட்டாள். "மொத தடவையிலயே எடுத்துக்கிட்டான் தங்கச்சி! ரொம்ப நாணயமான எடம்!"

இருவருமே பத்துக்குப் பத்து.

"விக்கிறது அதே வேகத்துலதான நடக்குது?" என்று ஜெக்கரியா சந்தேகத்தோடு கேட்டார். "சும்மா காக்க வச்சு ஏமாத்துற மாதிரி ஆயிடக்கூடாது."

"அதே வேகம்தான் சார். வித்த விலை, நேரம் எல்லாம் அங்கயே போட்டிருக்கு. அவசரக்காரங்க 'எல்லாம் காட்டு'ன்னு தட்டினா ஒரேயடியா வந்துடும். ரெண்டு பேருமே தட்டல, பாத்தீங்கள்ல?"

ஜெக்கரியா கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார்.

"சரி. திங்கக்கெழமை நீங்க வர வேணாம்."

குந்தவை நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

"நாங்க வர்றோம்" என்றார் அவர். "டீம் மொத்தமும். பயனர்கள நேர்ல பாக்கணும். ஒரு வாரம் உங்க வீட்டு மாடியிலயே தங்கிக்கிறோம்."

குந்தவை அப்படியே மறுபடி உட்கார்ந்தாள். பஞ்சநதம் அவள் தோளுக்கு மேல் எட்டி, மடிக்கணினிக்குள் நீந்துபவர்போல் முகத்தை நுழைத்தார்.

"தாராளமா வாங்க தம்பி! சம்பா நடவுக்கு ஆள் கெடைக்காம அல்லாடிக்கிட்டு இருக்கோம்."