பொன்னாத்தாள் காட்டை விட்டுப் போன ரயில் நிலையம்

1934ஆம் ஆண்டு தை மாதம், வெள்ளக்கரட்டு ரயில் நிலையம் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பியது. கரட்டில் வெட்டிய வெள்ளைக்கல்லைச் சேலத்துக்குக் கொண்டுபோக ஒரு துரைமார் கம்பெனிக்காகப் போட்ட பாதை அது. கல் தீர்ந்ததும் கம்பெனி போயிற்று, தண்டவாளமும் போயிற்று. ஸ்டேஷன் மாஸ்டர் அருணகிரியை மட்டும் மறந்துவிட்டார்கள். மாற்றல் உத்தரவு வராததால் அவர் தினமும் கோட்டு மாட்டிக்கொண்டு, வராத வண்டிகளுக்குக் கொடி காட்டிக்கொண்டிருந்தார்.

நிலையம் நின்ற பூமி பொன்னாத்தாளுடையது. கிணற்றோடு கூடிய கடலைக்காடு. அவள் புருஷன் செத்த வருடமே அதைத் தரிசு என்று சொல்லி ரயிலுக்கு எடுத்துக் கொடுத்தவர், சர்க்காருக்காக ஊரில் நிலவரி வசூலித்த மிட்டாதார் சென்னியப்பன். அந்தப் பொதுச்சேவைக்காக அவருக்கு ராவ் சாகிப் பட்டம் வந்தது. பாதை மூடியபின் பொன்னாத்தாள் காட்டைத் திருப்பிக் கேட்டாள். கட்டடம் நிற்கிறவரை பூமி கட்டடத்துக்குத்தான் சொந்தம் என்று மிட்டாதார் சட்டம் சொன்னார். அவள் நேரே நிலையத்துக்கு வந்து சுவரைத் தொட்டாள்.

"சாமி, உனக்கும் இங்க சோலி இல்ல. எந்திரிச்சுப் போயிரு. நான் காடு ஓட்டோணும்."

அதுவரை அந்தக் கட்டடத்தை யாரும் சாமி என்று கூப்பிட்டதில்லை. மறுநாள் காலை அது கிளம்பியது. அருணகிரி உள்ளேயிருந்து பச்சைக்கொடி காட்டினார். பொன்னாத்தாள் கிணற்றடியில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நிலையம் யார் பயிரையும் மிதிக்காமல் மாட்டுவண்டி வேகத்தில் போயிற்று. எடப்பாடிச் சந்தைக்குப் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பொழுது சாய, மிட்டாதார் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

சர்க்கார் சொத்தைக் கடத்தினாள் என்று மிட்டாதார் பிராது கொடுத்தார். தாசில்தார் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"போகச் சொன்னேன், போச்சுங்க," என்றாள் பொன்னாத்தாள். "வேணும்னா நீங்க திரும்பி வரச் சொல்லுங்க."

தாசில்தார் சக்கரவர்த்தி பெயரால் உத்தரவிட்டுப் பார்த்தார். ஒரு ஓடுகூட அசையவில்லை. சர்க்கார் உத்தரவுக்குக் கட்டடம் பணியவில்லை என்று எழுத முடியாது. ஆகவே நிலையம் ஆதிமுதல் அங்கேதான் இருந்தது என்றும், மிட்டாதார் வீடுதான் ஆக்கிரமிப்பு என்றும் எழுதிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

அந்த ஆடியில் பொன்னாத்தாள் கடலை விதைத்தாள். ராவ் சாகிப் தம் வீட்டுக்குள் போகவும் வரவும் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கினார். 1945இல் அவர் காலமானபோது பாடை தூக்கியவர்களும் வரிசையில் நின்று வாங்கினார்கள். ராவ் சாகிப்பை மட்டும் அருணகிரி எடை போட்டு, லக்கேஜ் சீட்டு ஒட்டி அனுப்பிவைத்தார்.